ஆண் வாசம் ஆகாத அறை

அந்த அறைக்குள் ஆண்கள் யாரும் காலடி வைக்கக் கூடாது. கதவில் பெரிய எழுத்தில் அப்படி எழுதி ஒட்டியிருந்தாள் டாக்டரம்மா. விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஏணியும் கையுமாக வாசலில் நின்று, "நான் என்ன மேடம் பாவம் பண்ணேன்?" என்று கெஞ்சிப் பார்த்தார். ம்ஹும். விளக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, தானே ஏணியில் ஏறி மாட்டினாள். ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டரே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரையும் வெளியே நிறுத்தி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து நிலையம் முழுக்க ஒரே பேச்சு: அந்த அம்மாவுக்கு ஆம்பளைகளைக் கண்டாலே ஆகாது.

பாவம், அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆகாதது அவளுடைய சுண்டெலிகளுக்கு.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வலியைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அடிபட்ட இடத்திலிருந்து வலி எந்த நரம்பு வழியாக ஏறுகிறது, முதுகுத் தண்டில் எந்த இடத்தில் கை மாறுகிறது, மூளைக்குப் போகும் வழியில் அதை யாராவது மறிக்க முடியுமா, இதுதான் அவள் பிழைப்பு. கம்பி வலை போட்ட மேடையில் எலி நிற்கும். வலைக்கு அடியிலிருந்து ஒரு நைலான் இழையால் அதன் பின்னங்கால் பாதத்தை அழுத்துவாள். முதலில் தலைமுடி போல மெல்லிய இழை, அப்புறம் கொஞ்சம் தடித்தது, அப்புறம் இன்னும் தடித்தது. எந்த இழைக்கு எலி வெடுக்கென்று காலைத் தூக்குகிறதோ, அதுதான் அதன் வலிக்கு அளவு. எலி வாய் திறந்து சொல்லாது, கால் சொல்லும். ஆனால் பக்கத்தில் ஓர் ஆணின் வாசம் அடித்துவிட்டால் தீர்ந்தது. மனிதனோ நாயோ, எந்த ஆணாக இருந்தாலும் சரி, சண்டைக்கு வந்திருக்கிறானோ என்னவோ என்று எலி பயந்துபோய், தடித்த இழைக்குக்கூட அசையாமல் கம்மென்று நிற்கும். பெண் வாசத்துக்கு அப்படி எதுவும் ஆவதில்லை. அதனால்தான் அந்தத் தடை. மற்றபடி அவள் சாதுவான மனுஷிதான், கோபம் வராத வரைக்கும்.

இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் கணவர் அவளை விடவில்லை. "என் வாசம் பட்டா எலிக்கே வலி பறந்து போகுதாம். உனக்கு மட்டும் ஏன்டி என்னைக் கண்டா தலைவலி வருது?"

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஸ்டியரிங்கைப் பிடித்தறியாத ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிர் பிழைத்தவர். "தெனம் பத்துப் பேரு என்னைக் கொல்லப் பாக்கறாங்க. அதுக்கெல்லாம் நான் அசர மாட்டேன். வீட்டுக்கு வந்து இவ முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு உதறுது" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். டாக்டரம்மா என்ற பெயரை வைத்ததும் அவர்தான். எலிக்கு மட்டும் ஊசி போடுகிற டாக்டர் என்று கேலியாக ஆரம்பித்தது, எப்படியோ ஆய்வகம் வரை போய் ஒட்டிக்கொண்டது.

அவள் கார் ஓட்டினால் மனுஷன் பக்கத்தில் சும்மா உட்கார மாட்டார். சிக்னல் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைப் போட்டு அழுத்தும். "காலை எடுங்க. நான் பாத்துக்கறேன்" என்பாள். எடுப்பார். அடுத்த திருப்பத்தில் மறுபடி அழுத்துவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சண்டை போட வேறு ஆளும் இல்லை. அந்தக் காலை வைத்தே அவர்கள் குடித்தனம் முழுக்கச் சண்டை போட்டுச் சமாதானமானார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இடுப்பெலும்பில் புற்று வந்தது. அது வளர்ந்து நரம்பை நெருக்கியது. ஆஸ்பத்திரியில் கொடுக்கக்கூடிய மருந்தெல்லாம் கொடுத்தார்கள். வலி எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு வந்தது. வலியைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவள், கட்டில் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆய்வகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "நீதான் வந்துட்டியே, வலி போயிடுச்சு" என்பார். ஆஸ்பத்திரிக் குளிருக்கு மாட்டிய சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் சுருங்கி உட்கார்ந்துகொண்டு, பழையபடி பல் தெரியச் சிரிப்பார். அவளும் நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்ய?

எல்லாம் முடிந்த பிறகு, அவருடைய சாமான்களை வாங்கப் போனபோது, வார்டு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை மேடம். நாள் பூரா துடிச்சுக்கிட்டு இருப்பாரு. வலது காலைப் போட்டு அழுத்தி அழுத்தி விரிப்பெல்லாம் நைஞ்சு போச்சு. லிஃப்ட்லருந்து உங்க செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், கப்புனு அடங்கிடுவாரு. உங்க மேல அவ்ளோ பிரியம்!"

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அது முள்ளாகத் தைத்து, அங்கேயே முறிந்து நின்றுவிட்டது.

அடங்கியது வலியா, அவரா? அவள் வந்ததும் நிஜமாகவே வலி குறைந்ததா? இல்லை, அவள் மனசு நோகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாரா? அப்படியென்றால் அவள் பக்கத்தில் இருந்த நேரம்தான் அவருக்கு இருந்ததிலேயே கஷ்டமான நேரம். அழக்கூட முடியாத நேரம். இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். முகம் நடிக்கும், கால் நடிக்காது என்று மாணவிகளுக்கு வாய் வலிக்கப் பாடம் எடுத்தவள். போர்வைக்கு அடியில் அந்த வலது கால் அழுத்திக்கொண்டு இருந்ததா, இல்லையா? அவள் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்கக் கால்களைப் பார்த்தவள், அந்த வார்டுக்குள் போனால் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். இப்போது கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு வருகிறது, நரைத்த தாடி வருகிறது, நீலப் போர்வை வருகிறது. போர்வைக்கு அடியில் ஒன்றும் வரவில்லை. கேட்டுவிடலாம் என்றால் ஆள் இல்லை. ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு நிமிஷம், அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஏங்கி ஏங்கி அவள் பாதியாக இளைத்துவிட்டாள்.

அதன் பிறகு பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். முதுகுத் தண்டிலேயே வலியை மறிக்கும் என்று அவள் நம்பிய மருந்து ஒன்று பல வருடங்களாகக் கையில் இருந்தது. அவருக்குத்தான் உதவவில்லை, இன்னொருத்தருக்காவது உதவட்டும் என்று அதைத் தூசி தட்டி எடுத்தாள். அந்த மருந்துக்குச் சூடு ஆகாது. ஆள் உள்ளே போய் நிற்கிற அளவுக்குப் பெரிய குளிரறை ஒன்று உண்டு. அங்கே வைத்துத்தான் ஊசிக்குழாயில் நிரப்ப வேண்டும், சூடேறுவதற்குள் எலியிடம் ஓட வேண்டும். முதல் நாள் அவள் கோட்டு கொண்டுவரவில்லை. மேஜை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் இருந்தது. அவர் கழற்றிய பிறகு தண்ணீர் காட்டாத ஸ்வெட்டர். ஆரம்பத்தில் அதில் அவர் வாசம் இருந்தது. முகர்ந்து முகர்ந்து, இப்போது அவள் மூக்குக்கு வெறும் கம்பளிதான் தெரிந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு குளிரறைக்குள் போனாள். கொஞ்சம் தைரியமாக இருந்தது. அப்புறம் மருந்து கொடுக்கிற நாளெல்லாம் அதுவே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் கழற்றி, உறைக்குள் கட்டி, இழுப்பறைக்குள் வைத்துவிடுவாள்.

ஒரு தப்புச் செய்தாள். மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே எலிகளுக்கு இன்னொரு நாள் வெறும் உப்புநீர் கொடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டு நாளும் எல்லாம் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். உப்புநீரையும் குளிரறையில்தான் நிரப்ப வேண்டும். 'உப்புத் தண்ணி என்ன கெட்டா போகும்? இது சும்மா ஒரு வெள்ளோட்டம்தானே' என்று அதை மேஜையிலேயே நிரப்பிவிட்டாள். மாணவி யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

உப்புநீர் நாளில் எலிகள் வழக்கம்போல வெடுக் வெடுக்கென்று காலைத் தூக்கின. மருந்து நாளில் ஒன்றுகூடத் தூக்கவில்லை. இழையை மாற்றினாள், இன்னும் தடித்ததை எடுத்தாள். அசையவில்லை. வலை மேடைக்கு அடியில் கையை நீட்டியபடியே அவள் அழுதுவிட்டாள். அன்று வீட்டுக்குக் காரில் போகும்போது காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்து, "வேலை செய்யுதுங்க" என்று சொன்னாள்.

டைரக்டர் குதிக்காத குறை. வாசலில் நிறுத்திவைத்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "இந்த வருஷ மாநாட்டு மேடை உங்களுக்குத்தான் மேடம். அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கையால ஒருதடவை செஞ்சு பாத்துடுங்க, ஒரு சம்பிரதாயத்துக்கு" என்றார்.

சம்பிரதாயத்தைச் செய்தது வாயாடி. ஆராய்ச்சி மாணவி. எலிகளோடுகூட நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள் என்பதால் டாக்டரம்மா வைத்த பெயர் அது. வேலையில் சுத்தம். அவள் மருந்தைக் குளிரறையில் நிரப்பி, ஓடி வந்து, ஊசி போட்டு, இழையை அழுத்தினாள். எல்லா எலியும் காலைத் தூக்கியது.

"கை நடுங்கியிருக்கும்" என்றாள் டாக்டரம்மா.

"என் கை நல்லாத்தான் மேடம் இருக்கு. எலி காலைத் தூக்கினா நான் என்ன, பிடிச்சு வைக்கவா முடியும்?"

"மருந்து சூடாயிருக்கும். நடந்து வந்தியா, ஊர்ந்து வந்தியா?"

"ஓடித்தான் வந்தேன் மேடம். செருப்பு ஒண்ணு வழியிலேயே கெடக்கு."

மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அதே கதை. கடுப்பாகி, "தள்ளு, நான் செய்யறேன்" என்று இறங்கினாள். அவள் செய்தால் எலிகள் சிலையாக நின்றன. வாயாடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "உங்களுக்குக் கைராசி மேடம்." 

"கைராசியும் கால்ராசியும் பேசறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று எரிந்து விழுந்தாள் டாக்டரம்மா. ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் தெரியும். ஒருத்தர் கைக்கு மட்டும் வேலை செய்கிற மருந்தை மருந்து என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஏசி கெட்டது. குறைக்க முடியாமல் குளிரைக் கொட்டித் தள்ளியது. அன்று உப்புநீர் நாள். குளிர் பொறுக்க மாட்டாமல் டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். உப்புநீரை ஏற்றி, நேரம் கொடுத்து, இழையை அழுத்தினாள். எலி காலைத் தூக்கவில்லை. அடுத்த எலி, அதுவும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

"ஏய், உப்புத் தண்ணியில மருந்தைக் கலந்து தொலைச்சியா?"

"ஐயோ மேடம், நான் அந்தப் பக்கமே போகலை! பாட்டிலைப் புதுசா இப்பதான் உடைச்சேன்." வாயாடி குனிந்து எலிகளைப் பார்த்தாள். காதை மடக்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. "என்னங்கடி ஆச்சு உங்களுக்கு? மேடம், ஆம்பளை யாராவது உள்ள வந்துட்டுப் போனாங்களா? அப்பதானே இதுங்க இப்படி நிக்கும்?"

"யாரும் வரலை. நான் இருக்கும்போது எவன் வருவான்?" என்று சொல்லிக்கொண்டே, விரல் நுனி வரை இறங்கிவந்த ஸ்வெட்டர் கையை டாக்டரம்மா மேலே சுருட்டிவிட்டாள்.

சுருட்டிய கை அப்படியே நின்றது.

அவளுக்கு என்றைக்கும் அந்தக் கை நீளம்தான். அது அவர் கைக்கு எடுத்தது. எலக்ட்ரீஷியனைத் தடுத்தாள், டைரக்டரைத் தடுத்தாள், விருந்தாளிகளைத் தடுத்தாள். அப்புறம் தன் உடம்பிலேயே சுற்றி ஓர் ஆம்பளையை உள்ளே கூட்டிவந்திருக்கிறாள்! மருந்து நாளில் மட்டும், தவறாமல். அவள் மெல்ல ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். மருந்து போச்சு, மாநாடு போச்சு, இத்தனை வருட உழைப்பும் போச்சு. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முதலில் மனதில் வந்தது அது இல்லை. அவர் வாசம் இன்னும் இருக்கிறது என்பதுதான் முதலில் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், சோபாவில் உட்கார்ந்து, ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்து இழுத்து இழுத்து முகர்ந்தாள். கழுத்துப்பட்டையை முகர்ந்தாள், அக்குள் பக்கத்தை முகர்ந்தாள். கம்பளி, அவ்வளவுதான். கூண்டில் கிடக்கிற ஓர் எலிக்குத் தெரிகிற மனுஷன், கூட வாழ்ந்த பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. எலிகள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் எலிகளோடு போட்டி போட்டாள்.

மறுநாள் டைரக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"ஸ்வெட்டரா?" என்றார் அவர்.

"ஸ்வெட்டர்தான்."

"மருந்து?"

"மருந்து தண்ணி மாதிரி சார். ஒண்ணும் பண்ணலை."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேல இருக்கிறவங்ககிட்ட நான் என்னன்னு மேடம் சொல்றது?"

"ஸ்வெட்டர்னே சொல்லுங்க. தப்பு என்னோடது. எழுத்துல வேணும்னாலும் தரேன்." எழுந்தவள், கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள். "ஆனா அந்த ஸ்வெட்டரை வெச்சு ஒரு சோதனை செய்யணும். அதுக்கு மட்டும் சம்மதம் குடுங்க."

அவள் மனதில் ராத்திரி பகலாக ஒன்று குடைந்துகொண்டிருந்தது. ஆண் வாசம் பட்ட எலி காலைத் தூக்குவதில்லை, சரி. ஆனால் அதற்கு வலிக்கிறதா, இல்லையா? பயத்தில் வலியை மறைத்துக்கொண்டு நிற்கிறதா? இல்லை, நிஜமாகவே வலி குறைந்துவிடுகிறதா? மறைக்கிறது என்றால் காலும் நடிக்கும். அவளுடைய பாடமே பொய். நிஜமாகவே குறைகிறது என்றால், இன்னொரு ஜீவன் பக்கத்தில் வந்தாலே உடம்பு வலியை விட்டுவிட முடியும். அவள் கேட்டது எலியைப் பற்றித்தான். ஆனால் கேள்வி யாரைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பார்க்க வழி இருந்தது. வலி ஏறும்போது முதுகுத் தண்டில் உள்ள நரம்புச் செல்கள் ஒரு புரதத்தை உண்டாக்கும். தண்டை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது கரும்புள்ளிகளாகத் தெரியும். வலி கூடினால் புள்ளி கூடும், குறைந்தால் குறையும். அந்தப் புள்ளிக்கு நடிக்கத் தெரியாது.

ஒரே ஒரு தடங்கல். இந்தச் சோதனைக்கு ஸ்வெட்டர் எலிகளோடு, கூண்டு அடுக்கும் அலமாரியிலேயே கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்த துணி எதுவும் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கொப்பரைக்குள் போகாமல் வெளியே வரக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். நோய் பரவாமல் இருக்க அவளே உட்கார்ந்து எழுதிய சட்டம். கொதிக்கிற நீராவிக்குள் போய் வந்தால் வாசம் என்ன, அதன் நிழல்கூட மிஞ்சாது.

"மேடம், வேற ஆம்பளைங்க சட்டை ஏதாவது வாங்கிப் பண்ணலாமே? என் அண்ணன் சட்டை ஒண்ணு கொண்டு வரேன். அதை மோந்தா எலி என்ன, நாமளே மயங்கி விழுவோம்" என்றாள் வாயாடி.

சொன்னது நியாயம்தான். அந்தச் சட்டையிலும் இதே விடை கிடைக்கும். டாக்டரம்மா இரண்டு நாள் யோசித்தாள். உறையோடு மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கடைசியில், "வேணாம்மா. இது அவர்கிட்ட நான் கேக்கற கேள்வி. அவர்தான் பதில் சொல்லணும்" என்றாள். வாயாடிக்குப் புரிந்ததோ இல்லையோ, வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஓர் அறையில் எலிகளோடு அவருடைய ஸ்வெட்டர். இன்னோர் அறையில், அதே போல, டாக்டரம்மாவின் பழைய ஸ்வெட்டர். எல்லா எலிக்கும் பாதத்தில், வலி வரவைக்க, லேசாக எரிச்சல் தருகிற ஓர் ஊசி. இந்த முறை குறுக்குவழி எதுவும் இல்லை. எந்தச் சீவல் எந்த அறை எலியுடையது என்று வாயாடிக்கு மட்டும்தான் தெரியும். எலிகளை மயக்கத்திலேயே முடித்த அன்று, எப்போதும் போல டாக்டரம்மா மதியம் சாப்பிடவில்லை. பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தாள். சிலவற்றில் புள்ளிகள் மிளகைக் கொட்டினது போல இருந்தன. சிலவற்றில் தேட வேண்டியிருந்தது. எது எது என்று யூகிக்கக்கூட அவள் தன்னை விடவில்லை. கண்ணில் நீர் கட்டினால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து எண்ணினாள்.

எண்ணி முடித்த மத்தியானம், வாயாடி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கணக்கையும் எந்தச் சீவல் எந்த அறை என்ற தன் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வாயே திறக்கவில்லை. வாயாடி பேசாமல் இருந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

"சொல்லித் தொலையேன்டி."

"மேடம், அதுங்க நடிக்கலை" என்றாள் வாயாடி. "சார் ஸ்வெட்டர் இருந்த ரூம்ல புள்ளி பாதிகூட இல்லை. அதுங்களுக்கு நிஜமாவே வலி குறைஞ்சிருக்கு."

டாக்டரம்மா கையில் இருந்த பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

வாயாடிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. "ஆனா மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது பாசத்துல வர்றது இல்லை. வெறும் பயம். பயத்துல உடம்பு தானா வலியை அமுக்கிடுது, அவ்ளோதான். உங்களுக்கு ஏமாத்தமா இருக்கலாம்..."

"பயமா?" என்றாள் டாக்டரம்மா.

"ஆமா மேடம். பயம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, அவருக்கு என்னைக் கண்டா பயம்டி! ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. தெனம் பத்துப் பேரு கொல்லப் பாத்தாலும் அசராத மனுஷன், என் முகத்தைப் பாத்தா உதறுதும்பாரு!" மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. வாயாடி முக்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

எலி வேறு, மனுஷன் வேறு. அவர் பயம் விளையாட்டு, எலியின் பயம் உயிர்ப்பயம். இதை எந்த மேடையிலும் சாட்சியாக வைக்க முடியாது என்று டாக்டரம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 'நீதான் வந்துட்டியே, வலி போயிடுச்சு' என்று அவர் சொன்னது உண்மையாக இருப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இத்தனை நாளும் அந்த வழிகூட அவளுக்கு இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது வாயாடி ஒரு பொட்டலத்தோடு ஓடி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "மேடம்... கொப்பரையிலருந்து எடுத்தேன். கம்பளி இல்லையா, சுருங்கிடுச்சு."

பிரித்தாள். நாலு வயசுப் பிள்ளைக்குப் போடுகிற அளவுக்கு ஆகி, அட்டை மாதிரி விறைத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். இஸ்திரி போட்ட துணியின் வாசம். அவ்வளவுதான். இனிமேல் எந்த எலிக்கும் அவர் தெரியமாட்டார். "பரவாயில்லைம்மா, தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றாள்.

காரில் பக்கத்து இருக்கையில் அதை வைத்தாள். வளைவில் விழுந்துவிடப் போகிறது என்று பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஆபீஸ் விடுகிற நேரம், தெருவெல்லாம் வண்டி. சிக்னல் தெரிவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி. சிவப்பு விழுந்தது. வண்டி குலுங்காமல் நின்றது. அவள் தலையைத் திருப்பி, இருக்கையைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே, கால் வைக்கிற இடத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வார்டில் பார்க்காததையும் சேர்த்துவைத்து, அந்தக் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"காலை எடுங்க" என்றாள். "நான் பாத்துக்கறேன்."